பக்கத்தில் இருந்த புத்தகம்: வகை தாண்டும் வாசிப்பு எப்படி உருவாகிறது

துப்பறியும் நாவலில் தொடங்கிய ஒரு வாசகர் சில ஆண்டுகளில் சோழர் வரலாற்றுக்கும், அங்கிருந்து பயண நூலுக்கும், பிறகு ஒரு வங்க நாவலுக்கும் வந்து சேர்கிறார். அதே ஊரில், அதே வயதில், அதே நாவலில் தொடங்கிய இன்னொருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த ஒரு வகையைத் தாண்டவில்லை. இருவருக்கும் வாசிப்பில் கிடைக்கும் இன்பம் உண்மையானதுதான். முதலாமவருக்குத் திறந்த உலகம் இரண்டாமவருக்கு ஏன் திறக்கவில்லை? ரசனை வேறு என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ரசனை பிறக்கும்போதே கூட வருவதில்லை. அது எங்கே, எதைத் தின்று வளர்கிறது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

தமிழ்நாட்டின் கடந்த நூறாண்டு வாசிப்பு வரலாற்றைப் புரட்டினால் ஒரு விடை கிடைக்கிறது. வாசகர் தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் வேறு எது இருந்தது என்பதைப் பொறுத்து அவரது வாசிப்பு விரிந்திருக்கிறது, அல்லது சுருங்கியிருக்கிறது. நூலக அலமாரி, வார இதழின் அடுத்த பக்கம், மலிவு விலைப் புத்தகக் கட்டு, நம்பிக்கைக்குரிய ஒருவர் எழுதிய அறிமுகம் என்று அந்தப் பக்கம் பல வடிவம் எடுத்திருக்கிறது. பரந்த வாசிப்புக்குத் தனிமனிதரின் ஆர்வம் மட்டும் போதாது. ஒரு சமூகம் புத்தகங்களை எப்படி அடுக்கி வைக்கிறது என்பதும் அதில் பாதி. இக்கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

ரங்கநாதனின் அலமாரி

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதே ஆண்டு நூலகப் பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே ஒரு பேரங்காடியில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பூட்டிப் பூட்டிப் புதுப்புது உருவங்கள் செய்துகாட்டியதைப் பார்த்தபோது, ஒரு நூலின் பொருளையும் சிறு கூறுகளாகப் பிரித்துப் பூட்ட முடியும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து வளர்ந்த கோலன் பகுப்பு முறை 1933இல் வெளியானது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1931இல், நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் நூலைச் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்டிருந்தது.

அந்த ஐந்தில் வாசகருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்ற இரண்டாம் விதியை எல்லோரும் எளிதில் ஏற்பார்கள். நூலுக்கு உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று சொல்லும் மூன்றாம் விதிதான் நம் பேச்சுக்கு அடிப்படை. இரண்டாம் விதியில் வாசகர் தேடுகிறார். மூன்றாம் விதியில் புத்தகம் தேடுகிறது. தன்னை யாரும் கேட்காவிட்டாலும் தனக்குரியவர் கண்ணில் படும் உரிமை ஒவ்வொரு நூலுக்கும் உண்டு என்பது அதன் உட்பொருள். அந்த உரிமையை நிறைவேற்றும் வழிகளில் முதன்மையானதாக ரங்கநாதன் வைத்தது திறந்த அலமாரியை. சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்து, ஊழியர் உள்ளே போய் எடுத்துவரும் முறையில் வாசகருக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த நூல் மட்டுமே கிடைக்கும். பெயரே தெரியாத நூலை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது.

திறந்து வைத்தால் மட்டும் போதுமா? எதன் பக்கத்தில் எது நிற்க வேண்டும் என்பதையும் அவர் யோசித்தார். வாசகர் தேடிய பொருள் நடுவில் கருநிழலாக நிற்கும். அதன் இருபுறமும் அதோடு உறவுள்ளவை புறநிழலாக விரியும். அதற்கும் அப்பால் இருமருங்கிலும் அயலானவை தொடங்கும். நல்ல அடுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார். சோழர் வரலாறு தேடி வந்தவரின் இடமும் வலமும் பல்லவரும் பாண்டியரும் நிற்க, கண் இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் வேறொரு நாட்டின் வரலாறு தொடங்கிவிடும். ஒருவர் வாசிப்பு விரிவது பெரும்பாலும் இந்தப் புறநிழலில்தான். முற்றிலும் பழகியது சலிப்புத் தருகிறது, முற்றிலும் அயலானது அச்சம் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள பகுதியில் கை தானாக நீளும்.

கோலன் முறையில் இலக்கியத்தை அடுக்கும் விதம் இன்னும் சுவையானது. மொழி, வடிவம் ஆகியவற்றுக்கு அடுத்து எழுத்தாளரை அவர் பிறந்த ஆண்டைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது அது. இந்த விதிப்படி தமிழ்ப் புனைகதையை அடுக்கிப் பாருங்கள்: கல்கி (1899), ந. பிச்சமூர்த்தி (1900), வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901), கு.ப. ராஜகோபாலன் (1902), புதுமைப்பித்தன் (1906), மௌனி (1907), சாண்டில்யன் (1910). சரித்திரக் கதை, குடும்பக் கதை, மணிக்கொடி இதழ்ச் சிறுகதை எல்லாம் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்கின்றன. வெகுஜனம், தீவிரம் என்று நாம் பின்னால் போட்ட வேலி அந்தத் தட்டில் இல்லை. சாண்டில்யனை எடுக்க நீண்ட கை ஒரு புத்தகம் இடப்பக்கம் நகர்ந்தால் மௌனி. ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தவர்களை ஒன்றாக வைக்கும் இந்த அடுக்கு, வாசகரின் தரத்தைப் பற்றி எந்த முன்முடிவும் செய்வதில்லை.

ரங்கநாதனின் பணி நூல்களோடு நிற்கவில்லை. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியதில் அவரது இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கி அந்தப் பணத்தில் நூலகம் நடத்தும் ஏற்பாடு அதன் வழி வந்தது. 1896இல் எழும்பூரில் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம் மாநில மைய நூலகமானதும், மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் என்று வலைப்பின்னல் வளர்ந்ததும் அந்தச் சட்டத்துக்குப் பிறகுதான். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைகள் பல வகை நூல்களை ஒருசேரப் பார்த்த முதல் இடம் கிளை நூலகமாகத்தான் இருந்தது.

வார இதழின் அடுத்த பக்கம்

நூலகத்துக்கு வராதவர்கள் வீட்டுக்கும் பல வகை எழுத்து போய்ச் சேர்ந்தது. கொண்டுசேர்த்தவை வார இதழ்கள். தமிழ் நாவலின் தொடக்க காலத்திலேயே பி.ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் 1893 முதல் தொடராக வந்தது. தொடரின் பொற்காலம் அடுத்த நூற்றாண்டில். உ.வே. சாமிநாதையரின் என் சரித்திரம் 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி 1942இல் அவர் மறையும் காலம் வரை வந்தது. ஏட்டுச்சுவடி தேடி அலைந்த ஒரு பண்டிதரின் வாழ்க்கை, நகைச்சுவைத் துணுக்குகளும் சிறுகதைகளும் நிரம்பிய ஓர் இதழில் வாராவாரம் வெளியானது. தனிப் புத்தகமாக மட்டும் வந்திருந்தால் தமிழாசிரியர்களும் மாணவர்களும் வாங்கியிருப்பார்கள். விகடனில் வந்ததால் சிரிப்புக்காக இதழ் வாங்கியவர்களும் சாமிநாதையரின் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பாடம் கேட்கும் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

கல்கி வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய பொன்னியின் செல்வன், சுதேசமித்திரன் வாரப் பதிப்பில் வந்த தி. ஜானகிராமனின் மோகமுள், ஆனந்த விகடனில் முத்திரை பெற்று வந்த ஜெயகாந்தன் கதைகள், ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணன் எழுதிய கரிசல் காட்டுக் கடுதாசி, அதே இதழில் மதன் எழுதிய வரலாற்றுத் தொடரான வந்தார்கள் வென்றார்கள் என்று இந்த வரிசை நீளமானது. அரசியல் செய்திக்காக வாங்கிய இதழில் கரிசல் சம்சாரிகளின் வாழ்க்கை இருந்தது. வாசகர் அதைத் தேடி வரவில்லை. அது அவர் வீட்டுக்கு வந்திருந்தது.

தொடர்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்யும் வழக்கம் இதை இன்னொரு படி மேலே கொண்டுபோனது. பைண்டு செய்த தொடரில் தொடர் மட்டும் இருப்பதில்லை. மணியத்தின் ஓவியத்துக்குப் பின்பக்கம் ஒரு சங்கீத விமர்சனத்தின் பாதி இருக்கும். இன்னொரு தாளில் முடிவு இல்லாத சிறுகதை, சினிமாச் செய்தி, சோப்பு விளம்பரம். இரவல் வாங்கிப் படித்த அடுத்த தலைமுறை அந்தப் பின்பக்கங்களையும் படித்தது. யாரும் திட்டமிடாத அந்தத் தொகுப்பு, பல வீடுகளில் கலைக்களஞ்சியத்தின் வேலையைச் செய்தது.

உண்மையான கலைக்களஞ்சியமும் அந்தக் காலத்தில்தான் வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட, பெ. தூரன் தலைமையில் உருவான 10 தொகுதிகளில் முதலாவது 1954இல் வெளியானது. 1968இல் பணி நிறைவுற்றது. அகர வரிசையில் அமைந்த அந்தப் பக்கங்களில் ஒரு பூச்சிக்கும் ஒரு பேரரசருக்கும் நடுவில் ஒரு வேதிப்பொருள் நிற்கும். ஒன்றைத் தேடிப் பிரித்தவர் மூன்றைப் படித்துவிட்டு மூடுவார்.

விலையும் மொழிபெயர்ப்பும்

பக்கத்தில் இருந்தும் கை நீளாமல் போவதற்குப் பெரிய காரணம் விலை. தெரியாத வகையில் பணம் போட யாரும் தயங்குவார்கள். 1935இல் இங்கிலாந்தில் ஆலன் லேன் தொடங்கிய பெங்குவின் நூல்கள் ஆறு பென்ஸ் விலையில் இந்தத் தயக்கத்தை உடைத்தன. முதல் பத்து நூல்களில் ஹெமிங்வேயின் போர் நாவலும், அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதையும், ஆந்த்ரே மொருவா எழுதிய கவிஞர் ஷெல்லியின் வாழ்க்கை வரலாறும் ஒன்றாக வந்தன. நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறிதலுக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம் என்று அட்டையின் நிறம் மாறியதே தவிர விலையும் அளவும் மாறவில்லை. ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வாசகர் கூடுதலாக எதையும் இழக்க வேண்டியதில்லை என்பது அதன் பலம்.

தமிழில் அந்த வேலையைப் பலர் செய்தார்கள். சக்தி வை. கோவிந்தன் மலிவுப் பதிப்புகளுக்காகவே நினைக்கப்படுகிறவர். டால்ஸ்டாயின் போரும் அமைதியும் டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் அவரது சக்தி காரியாலயத்தின் வழி வந்தது. 1969இல் தொடங்கிய ராணி முத்து, மாதம் ஒரு நாவலைச் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரிட்டிஷ் சித்திரக் கதைகளைச் சிவகாசி அச்சில் தமிழ்ச் சிறுவர் கையில் கொடுத்தது. பாட நூலுக்கு வெளியே ஒரு புத்தகத்தைத் தானே தேர்ந்தெடுத்து வாங்கும் பழக்கம் பல சிறுவர்களுக்கு அங்கேதான் தொடங்கியது.

சோவியத் நூல்களின் கதை தனியாகப் பேசத் தக்கது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் பின்னர் ராதுகா, மீர் பதிப்பகங்களும் தமிழில் அச்சிட்ட நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழ்நாடெங்கும் விற்றது. கெட்டி அட்டை, நல்ல தாள், நம்ப முடியாத குறைந்த விலை. பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் கதைகள், ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த தஸ்தயேவ்ஸ்கியின் வெண்ணிற இரவுகள் ஆகியவற்றோடு குழந்தைகளுக்கான படக்கதைகளும், பெரல்மானின் பொழுதுபோக்குப் பௌதிகமும், அரசியல் பொருளாதார நூல்களும் ஒரே மேசையில் பரப்பப்பட்டிருந்தன. அரசியல் நோக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சிக் கூட்டத்துக்கு வந்தவர் கிர்கிஸ் நாட்டுக் குதிரையின் கதையையும், கதைக்கு வந்தவர் இயற்பியலையும் வாங்கிப் போனார்கள். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அந்த மேசையும் காலியானது. மொழிபெயர்ப்புக்கு விலைச் சலுகையும் தொடர்ந்த வரத்தும் இருந்தால் எவ்வளவு அயலான நிலத்தையும் தமிழ் வாசகர் தன்னுடையதாக்கிக்கொள்வார் என்பதற்கு அந்த ஆண்டுகள் சான்று.

இந்திய மொழிகளுக்கு இடையே இதுபோன்ற பாலத்தைச் சாகித்திய அகாதெமியும் 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டும் அமைத்தன. தாராசங்கர் பந்தியோபாத்யாயின் ஆரோக்கிய நிகேதனம் த.நா. குமாரஸ்வாமியின் தமிழிலும், தகழியின் செம்மீன் சுந்தர ராமசாமியின் தமிழிலும், அதீன் பந்தியோபாத்யாயின் நீலகண்டப் பறவையைத் தேடி சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழிலும் வந்தன. ஒரு கிராமத்து வைத்தியர் மரணத்தை நாடி பார்த்து அறிவதைச் சொல்லும் ஆரோக்கிய நிகேதனம், நாவல் வாசகரை மருத்துவ வரலாற்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும். ஆயுர்வேதத்துக்கும் ஆங்கில மருத்துவத்துக்கும் நடந்த மோதலை அறிய விரும்புகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் குறைவு.

வழி காட்டியவர்கள்

அலமாரியும் இதழும் விலையும் வாய்ப்பைத் தரும். அந்த வாய்ப்பில் எதை எடுப்பது என்பதற்கு ஒரு குரல் வேண்டியிருக்கிறது. க.நா. சுப்ரமண்யம் (1912–1988) அந்தக் குரலாகத் தன் வாழ்நாளைச் செலவிட்டார். படித்திருக்கிறீர்களா? என்ற தலைப்பிலேயே அவரது முறை அடங்கியிருக்கிறது. ஒரு நூலை எடுத்து, அது ஏன் படிக்கத் தக்கது என்று சில பக்கங்களில் சொல்லி, வாசகரை அதனிடம் அனுப்பிவிடுவார். நட் ஹாம்சன் நிலவளமாகவும், செல்மா லாகர்லெவ் மதகுருவாகவும், பேர் லாகர்க்விஸ்ட் அன்பு வழியாகவும், ஜார்ஜ் ஆர்வெல் விலங்குப் பண்ணையாகவும் அவர் கையால் தமிழுக்கு வந்தார்கள். பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை என்று அவர் மீது குறை சொன்னவர்கள் உண்டு. விமர்சனக் கோட்பாடாகப் பார்த்தால் அந்தக் குறை நியாயமானது. ஆனால் பட்டியல் செய்யும் வேலையே வேறு. தேர்ந்த வாசகர் ஒருவர் தன் அலமாரியைப் பிறருக்குத் திறந்து வைப்பது அது. அவரது பட்டியலோடு சண்டையிட்டவர்களும் சண்டையிடுவதற்காகவே அந்த நூல்களைப் படித்தார்கள்.

சுஜாதா (1935–2008) எதிர்ப்பக்கத்திலிருந்து அதே வேலையைச் செய்தார். 1968இல் குமுதத்தில் நைலான் கயிறு தொடரை எழுதியவரை இளைஞர்கள் அவரது துப்பறியும் வழக்கறிஞர்களான கணேஷுக்கும் வசந்துக்கும் வேண்டித் தொடர்ந்தார்கள். அவரோ அவர்களை அறிவியல் புனைவுக்கும், ஸ்ரீரங்கத்துக் கதைகளுக்கும், மேடை நாடகத்துக்கும், ஏன் எதற்கு எப்படி என்று அறிவியல் கேள்வி பதிலுக்கும் அழைத்துச் சென்றார். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதிய குறிப்புகள் வழியே ஆழ்வார் பாசுரமும் ஹைக்கூவும் புதுக்கவிதையும் கணினியும் ஒரே மூச்சில் வாசகரை அடைந்தன. ஒரு வகையில் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொரு வகைக்கு மாற்றிக் கொடுத்தார் அவர். எஸ். ராமகிருஷ்ணன் ஆனந்த விகடனில் எழுதிய கதாவிலாசம், வாரம் ஒரு சிறுகதையாளரை லட்சக்கணக்கான வாசகர் முன் நிறுத்தியபோதும் நடந்தது அதுதான்: தெரிந்த எழுத்தாளர் ஒருவர் தெரியாத எழுத்தாளருக்குப் பிணை நின்றார்.

வகையைவிடக் கதவு முக்கியம்

கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த கேத்தரின் ஷெல்ட்ரிக் ராஸ், இன்பத்துக்காகப் படிக்கும் ஆர்வம் மிகுந்த 194 வாசகர்களின் நேர்காணல்களை ஆராய்ந்து 1999இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புத்தகத் தேர்வு வாசகரின் மனநிலையில் தொடங்குகிறது என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. வேலைப்பளுவிலும் கவலையிலும் இருக்கும்போது வாசகர்கள் பழகிய எழுத்தாளரிடமும் ஏற்கெனவே படித்த நூலிடமும் திரும்புகிறார்கள். மனம் இளகியிருக்கும் காலத்தில் புதியதைத் துணிந்து எடுக்கிறார்கள். பரந்து படிப்பவர்களும் எப்போதும் பரந்து படிப்பதில்லை. ஒரே வகைக்குள் சில மாதங்கள் இருப்பது குறையாகாது; புதிய வகையை எடுப்பதற்கும் ஒரு பருவம் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் திறந்து மூடிய கவிதைத் தொகுதி கோடை விடுமுறையில் வேறொரு முகம் காட்டலாம்.

சியாட்டில் நூலகர் நான்சி பேர்ல் இன்னொரு கருவியைத் தந்தார். ஒரு புத்தகத்துக்குள் நுழையக் கதை, மாந்தர், களம், மொழி என நான்கு கதவுகள் உண்டு என்கிறார் அவர். ஒவ்வொரு நூலிலும் நான்கும் இருக்கும். ஆனால் அளவு மாறும். ஒரு வாசகருக்குப் பிடித்த நூல்கள் பல வகைகளில் சிதறியிருந்தாலும் அவர் நுழைந்த கதவு பெரும்பாலும் ஒன்றாக இருக்கும். எந்தக் கதவு என்று தெரிந்துவிட்டால் வகை தாண்டுவது எளிது.

தமிழர் மிகுதியாகப் படித்த நாவல்களில் ஒன்றான பொன்னியின் செல்வனில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். அதை முடித்தவரிடம் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கும்போது நாம் வழக்கமாகச் சொல்வது இன்னொரு சரித்திர நாவலை. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அதில் உங்களை இழுத்தது எது?

அடுத்து என்ன நடக்கும் என்ற துடிப்பும் வந்தியத்தேவனின் பயணமும் இழுத்தது என்றால் கதவு கதை. அவரிடம் வெ. சாமிநாத சர்மாவின் பர்மா வழிநடைப் பயணத்தைக் கொடுக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது காடும் மலையும் கடந்து இந்தியா திரும்பியவர்களில் ஒருவர் எழுதிய உண்மை வரலாறு அது. சாகச நாவலின் வேகம் அதில் உண்டு. நடந்தது என்ற கனமும் உண்டு.

குந்தவையும் நந்தினியும் பெரிய பழுவேட்டரையரும் மனத்தில் நின்றால் கதவு மாந்தர். அவருக்கு உரியவை வாழ்க்கை வரலாறுகளும் தன்வரலாறுகளும். என் சரித்திரத்தில் வரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தியாகராச செட்டியார், மடத்துத் தம்பிரான்கள் எந்த நாவல் பாத்திரத்துக்கும் குறைந்தவர்கள் அல்லர்.

வீரநாராயண ஏரியும் காவிரியும் கோடிக்கரையும் பிடித்திருந்தால் கதவு களம். காவிரியின் கரையோடு சிட்டியும் தி. ஜானகிராமனும் பயணம் செய்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி அவருக்காகவே காத்திருக்கிறது. அரசும் சபையும் கல்வெட்டும் பற்றி அறிய ஆசை பிறந்திருந்தால் நீலகண்ட சாஸ்திரியின் சோழர்களுக்கும், சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்துக்கும் போகலாம். கல்கியே கைக்கொண்ட ஆதாரங்கள் அவை.

ஆழ்வார்க்கடியான் பாடும் இடங்களில் நின்று நின்று படித்தவருக்குக் கதவு மொழி. அவரைத் திவ்யப் பிரபந்தத்துக்கு அனுப்பலாம். பேச்சின் ஓசை பிடித்தவர் என்றால் கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்கு அகராதியைக் கையில் கொடுக்கலாம். அகராதியை ஒருவர் கதைபோலப் படிக்க முடியும் என்பதை அதைத் திறந்த பிறகுதான் நம்புவார்.

ஒரே நாவலிலிருந்து பயணம், தன்வரலாறு, ஆய்வு, பக்திக் கவிதை, அகராதி என்று ஐந்து வகைகளுக்குப் பாதை போகிறது. வகைப் பெயர்கள் கடைக்காரருக்கும் பட்டியலுக்கும் தேவை. வாசகருக்குத் தேவை தன் இன்பத்தின் காரணத்தை அறிவது. அது தெரியாதபோதுதான் அட்டையில் ஒரே மாதிரி வாளும் குதிரையும் உள்ள அடுத்த புத்தகத்தை எடுக்கிறார், ஏமாறுகிறார், வாசிப்பே சலித்துவிட்டது என்று நினைக்கிறார்.

தவறாக எடுத்த புத்தகத்தைக் கீழே வைக்கும் உரிமையும் இதில் சேரும். ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்பது நான்சி பேர்ல் சொல்லும் அளவு. ஐம்பது வயதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து வரும் பக்கங்களைப் படித்தால் போதும் என்றும் சொன்னார். எடுத்ததை முடித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் புதிய வகைக்குப் பெரிய தடை. விடலாம் என்று தெரிந்தவர்தான் துணிந்து எடுப்பார்.

இன்றைய அடுக்கு

1977இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி இன்று பொங்கலை ஒட்டிய பெரு நிகழ்வு. ஈரோடு உட்படப் பல ஊர்களில் புத்தகத் திருவிழா நடக்கிறது. அங்கே புத்தகங்கள் பெரும்பாலும் வகைவாரியாக அடுக்கப்படுவதில்லை, பதிப்பகவாரியாக அடுக்கப்படுகின்றன. இதில் ஒரு நன்மை உண்டு. நல்ல சிறு பதிப்பகத்தின் அரங்கு ஒரு மனிதரின் ரசனைபோல ஒத்திசைவோடு இருக்கும்; அங்கே வாங்கிய ஒரு நூல் பிடித்தால் பக்கத்தில் உள்ள வேறு வகை நூலையும் நம்பி எடுக்கலாம். பதிப்பாளரே பிணை நிற்கிறார். ஆனால் எல்லா அரங்கின் வாசலிலும் அதே நாட்டுடைமை நாவலின் மலிவுப் பதிப்பும், அதே தன்னம்பிக்கை நூல்களும் முன்வரிசையில் நிற்கும்போது நூற்றுக்கணக்கான அரங்குகள் ஒரே அரங்காகிவிடுகின்றன.

இணையக் கடைகளின் பரிந்துரை வேறு கணக்கில் இயங்குகிறது. அமேசானின் பொறியாளர்கள் 2003இல் விளக்கிய முறைப்படி, ஒரு பொருளை வாங்கியவர்கள் சேர்த்து வாங்கிய மற்றப் பொருள்களைக் கொண்டு பொருளுக்கும் பொருளுக்கும் உள்ள நெருக்கம் கணக்கிடப்படுகிறது. இதுவும் பக்கத்தில் வைப்பதுதான். ஆனால் இந்த அலமாரியை அடுக்குவது கடந்தகால விற்பனை. ஏற்கெனவே பலர் சேர்த்து வாங்கியவை மேலும் நெருங்கும். யாரும் வாங்காத நூலுக்குப் பக்கமே கிடையாது. விற்பனை குறைந்த தமிழ் நூல்களுக்கு இது இன்னும் கடுமை. ரங்கநாதனின் மூன்றாம் விதி யாருக்காக எழுதப்பட்டதோ அந்த வாசகர் கிடைக்காத நூலை, இந்த முறையால் தானாகக் கண்டெடுக்க இயலாது. அதற்கு அந்த நூலைப் படித்த ஒரு மனிதர் வேண்டும்.

மின்னூலகங்கள் வேறொரு வாய்ப்பைத் தந்திருக்கின்றன. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பள்ளி மலர்களையும் சேர்த்துவரும் நூலகம் என்ற இணையதளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகியவற்றில் விலை என்ற தடை இல்லை. ஆனால் அங்கே தேடல் பெட்டியில் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும். பழைய சீட்டு முறையின் குறை வேறு உருவில் திரும்புகிறது. மின்னூலகத்தின் முகப்பில் ஒவ்வொரு வாரமும் ஐந்து நூல்களை ஐந்து வகைகளிலிருந்து எடுத்து, ஏன் படிக்கலாம் என்று ஒரு பத்தி எழுதி வைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

இப்படிச் செய்யக்கூடியவை இன்னும் உண்டு. கிளை நூலகங்களில் பூட்டிய கண்ணாடி அலமாரிகளைத் திறக்க வேண்டும்; தொலையும் நூலுக்கு நூலகர் தன் பணத்தில் ஈடு கட்ட நேரும் என்ற அச்சம் இருக்கும்வரை சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும் என்பதால் முதலில் அந்த விதியைத் தளர்த்த வேண்டும். வாசகர் திருப்பிக் கொடுத்த நூல்களை உடனே உள்ளே அடுக்காமல் வாசலில் ஒரு மேசையில் ஒருநாள் வைக்கலாம். வகையற்றுக் கலந்து கிடக்கும் அந்தக் குவியலில் ஊரே என்ன படிக்கிறது என்பது தெரியும். அதிகம் கேட்கப்படும் நாவலின் இருபுறமும் அதன் நான்கு கதவுகளிலிருந்து போகக்கூடிய நூல்களை வைக்கலாம். இதழ்கள் வாரம் ஒரு பக்கத்தை ஒதுக்கி, புதிய நூல்களோடு நாற்பது ஆண்டுப் பழைய நூல் ஒன்றையும் அறிமுகம் செய்யலாம்.

கேட்ட புத்தகத்தைக் கொடுத்து, கேட்கத் தெரியாத இன்னொன்றையும் அதன் பக்கத்தில் வைப்பதே ஒரு வாசகருக்கு நூலகரோ ஆசிரியரோ பதிப்பாளரோ நண்பரோ செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. தமிழ்நாட்டில் அதற்குரிய சட்டம் 1948 முதல் இருக்கிறது, வரி வசூலாகிறது, கட்டடங்கள் இருக்கின்றன, எல்லா வகையிலும் நூல்கள் இருக்கின்றன. அடுக்குகிறவருக்கு அந்த நூல்களைப் படிக்க நேரமும், தான் ரசித்ததை முன்னால் வைக்கும் சுதந்திரமும் கொடுத்தால் போதும். ஒரே வகைக்குள் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்ட அந்த இரண்டாவது வாசகருக்குக் குறைவாக இருந்தது ஆர்வம் அன்று. அவர் கைக்கெட்டும் தூரத்தில் வேறு புத்தகம் இல்லை. அதை வைப்பது நம் பொறுப்பு.